வெள்ளிக்கிழமை எடை

புதிதாய் வந்தபோது
ஒவ்வொரு தகடும் நாலு கிலோ இருநூறு.
வெள்ளிக்கிழமை பகலில்
மின்சாரத்தை நிறுத்தி, கையுறை மாட்டி,
கழற்றி, கழுவி, துடைத்து
மீன் நிறுக்கும் தராசில் வைக்கிறேன்.
ஆ லெக் கடையை மூடியபோது விற்றுவிட்டுப் போன தராசு.
இன்னும் கெம்போங் மீன் வாடை.
இந்த இடத்தில் அது வாசனை.

மூன்று கிலோ எண்ணூற்றுப் பத்து.

மீதி எங்கே என்று கேட்டார் கணக்கர்.
திருட்டா, துருவா?
இரண்டுமில்லை சார்.
தண்ணீருக்குள் போயிருக்கிறது.

சுங்கை பெலாலாங்கில்
குப்பைமேடு செம்பனைகளைவிட உயரம்.
மழை அதற்குள் இறங்கி
மெல்ல மெல்ல ஊறி
கோப்பி ஓ நிறத்தில் வெளியே வருகிறது,
ஊரின் எல்லா வீட்டையும் தெரிந்துகொண்டு:
பேம்பர்ஸ், பேட்டரி, மீந்த நாசி லெமாக்,
தீபாவளிக்கு அடுத்த வாரத்து முறுக்கு,
யாரோ பாதியில் நிறுத்திய மாத்திரை.

அதைத் தொட்டிக்கு இழுக்கிறோம்.
பன்னிரண்டு இரும்புத் தகடுகள்,
ஒன்று விட்டு ஒன்று நேர், எதிர்.
சுவிட்சைத் தட்டினால் சத்தமே இல்லை.
கொஞ்ச நேரத்தில்
சோடாப் போத்தல் திறந்ததுபோல் குமிழி.
நேர்முனைத் தகடு
யாரிடமும் சொல்லாமல் கரையத் தொடங்கும்.
கரைந்த ஒவ்வொரு துணுக்கும்
ஓர் அழுக்கின் கையைப் பிடித்துக்கொள்ளும்.
பிடித்தவை திரளும், திரண்டதைக் குமிழி தூக்கும்.
நீர் பச்சையாகி, பிறகு செங்கல் நிறமாகி,
அடியில், நம்ப முடியாமல், வெளுக்கும்.

இந்த ஊருக்கு இது புதிதில்லை.
இதே கொட்டகையில்
அமிலம் ஊற்றிப் பால் உறையக் காத்திருந்தார்கள்.
நான் கறுப்புப் பாலை உறைய வைக்கிறேன்.
இந்தக் கட்டியை எந்த முதலாளியும்
கப்பலேற்ற மாட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

வழித்த நுரையைப் பிழிந்து சாக்கில் கட்டினால்
திங்கட்கிழமை சர்குணன் லோரியில் ஏற்றுவான்.
எங்கே போகும்?
மேட்டுக்குத்தான்.
"நீ கீழ புடிக்கிறத நான் மேல கொட்டுறேன் மலரு,
ரெண்டு பேருக்கும் சம்பளம் வருதுல்ல?"
இப்போதெல்லாம் சிரிக்கிறேன்.
முதல் முறை சிரிக்கவில்லை.

அம்மோனியா மட்டும்
இரும்புக்குப் பிடிகொடுப்பதில்லை.
வைரம் பூசிய தகடு இருக்கிறதாம்.
விலை கேட்டு எழுதி, பதிலும் வந்தது.
படித்துவிட்டு இஞ்சே நஸ்ருடின்
பேசாமல் என்னைப் பார்த்தார்.
நான் மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டேன்.
இது வெறும் கல், சார்.

இதையும் எழுதிவிடுகிறேன்.
போன நவம்பர், விடாத மழை.
மாதிரி எடுக்க இலாகாவிலிருந்து வருகிறார்கள் என்று
காலை ஏழு மணிக்குத் தகவல்.
வெளியேறும் நீரோடு
குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.
பதினொரு நிமிடம்.
செய் என்று யாரும் சொல்லவில்லை.
செய்யாதே என்றும்.
எண் அழகாக வந்தது.

கால்வாய்க் கரையில் கங்கோங் அறுக்கும் ரஃபிக்குல்
அன்று சாயங்காலம் வேலியோரம் வந்தான்.
"காக், இன்றைக்குத் தண்ணீர் நல்லதா?"
உடைந்த மலாயில்தான் கேட்டான்.
தலையாட்டினேன்.
ஒரு கட்டு கீரை தந்தான்.
அதை என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு மாறிவிட்டேன் என்று முடிக்க ஆசை.
மாறியது ஒன்றுதான்:
அந்தக் குழாயின் கைப்பிடி
என் மேசை லாச்சியில் கிடக்கிறது.
செடிக்குத் தண்ணீர் விடுபவர்
தினமும் என்னைத் திட்டுகிறார்.

இன்று மின்சாரம் இரண்டு முறை போனது.
அம்மோனியா எல்லைக்கு மேலே.
எவ்வளவு மேலேயோ
அவ்வளவையும் எழுதினேன், பேனாவில்.
ரஃபிக்குலிடம் இரண்டு நாள் அறுக்காதே என்றேன்.
வாடகையை யார் தருவார் என்றான்.

ஏழாம் தகட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது,
இருபது காசு அகலம்.
தூக்கிப் பிடித்து அதன் வழியே பார்த்தேன்:
மேட்டில் கொக்குகள்,
பின்பக்கமாய் ஏறும் சர்குணனின் லோரி,
கீரைப் பாத்தியில் குனிந்த ஒரு முதுகு.

தராசில் வைத்தேன்.
ஒரு கிலோ அறுநூற்று நாற்பது,
ஓட்டை போக.