இரண்டு புள்ளி

வேலந்தாவளம் கால்நடைச் சோதனைச்சாவடி.
இரவு இரண்டு பத்து.
பல்லடத்து வண்டியில் நாலாயிரம் கோழிக்குஞ்சு
இருட்டைக் கொறித்துக்கொண்டிருக்கிறது.

'சர்ட்டிஃபிகேட் மத்தியானமே அனுப்பியாச்சு மேடம்'
என்கிறார் சர்தார் பாஷா.
திரையும் அதையேதான் சொல்கிறது:
'இன்று' என்றொரு பெயர், வெளிர்நீலத்தில்.
திறந்தால்
சுட்டிகள் மிக அதிகம், என்னால் ஆகாது என்கிறது.

நீலப் பெயருக்குள் சரக்கு இருக்காது.
அங்கே போய்க் கேள் என்ற சீட்டுதான்.
ரீட்லிங்க் அடித்தேன்.
இன்று, 'புதியது'வைக் கேட்கச் சொன்னது.
புதியது, 'கோழி'யை.
கோழி ஒரு படி மேலே ஏறி
மறுபடியும் இன்று.
தாலுகா ஆபீஸ் தோற்றது.

சிஜோ கட்டிய சங்கிலி.
பழைய கட்டடத்தில் சரியாகத்தான் ஓடியது.
அவன் 'ஒரு படி மேலே' என்று எழுதியபோது
மேலே வேறொன்று இருந்தது.
டிஸ்க்கைத் தூக்கிவந்தோம்,
மேலே என்பதைத் தூக்கிவரவில்லை.
அட்டப்பாடிக்கு மாற்றலாகிப் போனவன்
போன் எடுக்கவில்லை.

ஒரு புள்ளி என்றால் இங்கே.
இரண்டு புள்ளி என்றால் மேலே.
மூன்று புள்ளிக்கு இந்தக் கணினியில் பொருளில்லை,
இருந்தும் நான் ஃபைல் என்று எழுதும்போதெல்லாம்
முன்னால் வந்து அடுப்புக்கல்லாய்க் குந்துகிறது.
க-வின் தலையில் ஒன்று வைத்தால் மெய்.
அதைத்தான் கேட்டேன், ரியல்பாத் என்று.
வட்டத்துக்கு மெய் ஏது?

பாஷா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.
'மேப்பும் கொழிஞ்சாம்பாறையில
இப்படித்தான் சுத்த விட்டுச்சு.'

கேரள ரேஷன் கார்டில் நான் தெய்வான.
கோயமுத்தூர் மார்க் ஷீட்டில் தெய்வானை.
இரண்டும் சுட்டுவது
இந்த நாற்காலியில் முதுகுவலியோடு இருப்பவளை.

பெயரை விட்டேன்.
மதியம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்
வந்து விழுந்தது எதுவோ அதைக் கொடு என்றேன்.
கொடுத்தது.
வேரிலிருந்து ஏழு சாய்கோடு தள்ளி,
நகராமல், எந்தப் பெயரும் எட்டாமல்,
அங்கேயே கிடந்திருக்கிறது.

பிரிண்டர் இருமியது. சீல் வைத்தேன்.
கம்பி உயர்ந்தது, கீச்சொலி பாலக்காட்டுப் பக்கம் போனது.

பிறகு 'இன்று'வை அழித்தேன்.
சீட்டைக் கிழித்தால் சரக்குக்கு ஒன்றும் ஆகாது,
தெரியும். ஆனாலும் விரல் ஒரு கணம் நின்றது.
புதிதாக எழுதினேன்,
இரண்டு புள்ளி வைக்காமல், வேரிலிருந்தே.

இதுவும் ஒருநாள் சிவப்பாகும்.
சாவடியை வேறெங்கோ தூக்கிப்போவார்கள்,
வேர் மாறும்.
ராத்திரி இரண்டு மணிக்கு எவளோ கூப்பிடுவாள்.

எடுப்பேனா, தெரியவில்லை.