ஒரு மாரி போகட்டும்

ஒன்பது வருசத்துக்கு முதல் பிடுங்கின கடைவாய்ப் பல்.
இடத்தைச் சும்மா விட்டுவிட்டேன்.
சும்மா விட்ட இடம் சும்மா இருக்காதாம்.
உவர்மலையில், சன்னல் வெளிச்சத்தில்
எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தா டொக்டர் மிஸ்பாஹா.
படத்துக்குப் பின்னால் சீனக்குடா மாவு ஆலை மங்கலாக,
படத்துக்குள் என் எலும்பு
மழை அறுத்த வரம்பு.
“பாரம் இல்லாட்டி எலும்பு கரைஞ்சிரும்.
கடிக்க ஒண்டும் இல்லையெண்டு அதுக்கு விளங்கீரும்.
ஆணி இறக்க நாலு மில்லிமீற்றர் காணாது.”

எனக்குத் தெரியாததா?
உப்புவெளியில் பள்ளக் காணி நிரப்புகிறவன் நான்.
பன்குளத்துக் கிரவல், இருபது லோட், முப்பது லோட்.
கொட்டின மறுநாளே அத்திவாரம் கேட்பார்கள்.
ஒரு மாரி போகட்டும் என்பேன்.
முகம் சுளித்து வேறு ஆள் பிடிப்பார்கள்.
புவிராசா வீட்டுச் சுவரில் இப்போது
பல்லி குடித்தனம் நடத்தும் வெடிப்பு.

“உங்கட நாடியிலயே கிள்ளி எடுக்கலாம்,
ஆனா ரெண்டு காயம்.
இல்லாட்டி மாட்டெலும்பு.
சுட்டுச் சுத்தம் பண்ணி, சீனி மாதிரி வரும்.
சைவமெண்டால் இப்பவே சொல்லுங்கோ.”
பேனையை நீட்டிக்கொண்டே சிரித்தா:
“எங்கட ஆக்கள் கேக்கிறது வேற மிருகத்தை.”

கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்தேன்.
கோமளம் கத்தரிக்குத் தண்ணீர் விட்டபடி கேட்டாள்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
“இதுக்குப் போடுற எலும்புத்தூள் ஆற்ற எலும்பு?
வெள்ளிக்கிழமையில பொரிச்சுத் தின்னேக்க
நாக்குத் தள்ளினதோ?”

ஐப்பசி முதற் கிழமை.
விறைத்த தாடையில் வலி இல்லை, சத்தம் இருந்தது,
பக்கத்துக் காணியில் யாரோ கல் அறுப்பதுபோல.
ஒரு குட்டிப் போத்தல். உள்ளே வெள்ளைக் குறுணி.
என் இரத்தத்தையே விட்டுக் குழைத்தா,
சாந்து பதம் பார்க்கிற மேசன் கணக்காய்.
கொட்டி, அமத்தி, மேலே மெல்லிய தோலொன்று போர்த்தி
நூல் பிடித்துக் கட்டினா.

எவ்வளவு காலம் என்று விரலால் கேட்டேன்.
“உங்களுக்கு நான் சொல்லவேணுமே?
ஒரு மாரி போகட்டும்.”
சிரிக்க வழியில்லை. வாய் நிறையப் பஞ்சு.

கன்னம் வீங்கின கிழமையில் கோணேசர் மலைக்குப் போனேன்.
நந்தியின் காதில் வழக்கமாய்
நிலுவைக் காசுக் கதைதான் சொல்வது.
அன்று குனிந்தேன், கையால் வாயை மறைத்தேன்,
ஒன்றும் சொல்லவில்லை.
கல்லுக் காது குளிர்ந்திருந்தது.
கொஞ்ச நேரம் கன்னத்தை அதிலேயே வைத்திருந்தேன்.

இப்போது கார்த்திகை.
உப்புவெளியில் புதுக் கிரவல் மேல் மழை ஊன்றிப் பெய்கிறது.
குதிக்காலால் அழுத்திப் பார்க்கிறேன்,
இன்னும் பொதுபொது என்றிருக்கிறது.
கஞ்சி குடித்து அலுத்துப்போச்சு.
மாசிக்குப் பிறகுதான் ஆணி.
தொடக்கூடாது என்று சொல்லியும்
நாக்கு மட்டும் மணிக்கொருக்கால் போய்
எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது,
முற்பணம் கட்டின
காணிக்காரனைப் போல.