துண்டுக்குள் விலை

அலுவலக அறைக் கண்ணாடியில் ஒட்டிய தாள்:
அ – தானே நடப்போர். மாதம் பதினெட்டாயிரம்.
ஆ – கைத்துணை வேண்டுவோர். இருபத்து நாலு.
இ – படுக்கை. முப்பத்தொன்று, டயபர் தனி.
ஈ – மறதி. நேரில் பேசிக்கொள்ளவும்.

எனக்கு இது புதுசில்லை.
பதினோரு வருசம் திருப்பூரில்
பனியன் கம்பெனிச் செக்கிங்.
ட்யூப்லைட்டுக்குக் கீழே துணியை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் தேடி
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
முதல் தரம் கப்பலுக்கு.
இரண்டாம் தரம் காதர்பேட்டைக்கு, கிலோக் கணக்கில்.
கண் மங்கியதும் என்னையும் அனுப்பினார்கள்,
ஸ்டிக்கர் ஒட்டாமல்.

இங்கே, பெருமாநல்லூர் பைபாஸ் ஓரம்,
யார் எந்த எழுத்தென்று
மாதம் முதல் தேதி நான்தான் பார்க்கிறேன்.
நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழணும்.
மூன்று பொத்தான் போடணும்.
என்ன கிழமை, சொல்லணும்.
ரோஸலின் டீச்சர் கிழமையைச் சொல்லிவிட்டு
என் எழுத்தில் ஒற்று விட்டதையும் சொன்னார். அ.
குப்பாயம்மாளுக்கு மூன்று மாதமாக எல்லா நாளும் வெசாழன்.
அன்றைக்கு வியாழனாகவே இருந்து தொலைத்தது.
பென்சிலால் எழுதினேன்.

சென்னியப்பன் மாட்டுத் தரகர்.
கண்ணபுரம் சந்தை, அந்தியூர் சந்தை,
பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொன்ன கை.
எழும்போது முழங்கால் மடங்கி
என் தோளைப் பிடித்தார்.
பேனாவைத் திறந்தேன்.
துண்டை எடுத்து என் கைமேல் போட்டு
உள்ளே விரல்களை அமுக்கினார்:
ஒன்று. இரண்டு. அப்புறம் அரை.
"என்னங்கய்யா இது?"
"வெலை பேசறனுங் அம்மிணி.
ஒரு மாசம் பொறுத்துக்குங்க. ஆறாயிரம் வித்தியாசம்.
பையன் குடுத்துருவான். குடுத்துட்டு
போன்ல கால் மணி நேரம் அதையே பேசுவான்."

அ என்று எழுதினேன்.

பதினேழாம் நாள் ராத்திரி, பாத்ரூம் வாசலில்.
ஆ என்றால் கூட ஒரு ஆள் போயிருக்கும்.
அதைச் சுபாசினியிடம் மட்டும் சொன்னேன்.
ஒடிசாப் பெண். பாதி புரிந்தது அவளுக்கு,
அந்தப் பாதியே போதுமாயிருந்தது.
மானேஜர் என்னைக் கேட்கவில்லை.
பையன் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.
கால் மணி நேரம் போனைப் பிடித்தபடியே இருந்தான்.

பெருந்துறை ஆஸ்பத்திரியிலிருந்து
பேச்சில்லாமல் திரும்பினார். இ.
இரண்டு மணிக்கொருதரம் புரட்டுகிறோம்,
தலைப்பக்கம் நான், கால்பக்கம் அவள்.
டார்ச் அடித்துக் குதிகால் பார்க்கிறேன், இடுப்பெலும்பு,
வால் எலும்பு. சிவந்திருந்தால் அமுக்கணும்.
அமுக்கினால் வெளுக்கணும்.
வெளுத்தால் அன்றைக்குத் தப்பித்தோம்.
இந்தச் சிவப்பை நானே ஒட்டியதுபோல
ஒவ்வொரு தரமும் விரல் நடுங்குகிறது.

ஒருநாள் ஏதோ கேட்க வாய் கோணியது.
கேட்கத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டார்.
கொடியில் காய்ந்த துண்டை எடுத்துவந்து
அவர் கையையும் என் கையையும் மூடினேன்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு விரல்.

ஒன்று என்றால் தண்ணீர்.
இரண்டு, புரட்டு.
அரை விரல், விளக்கை அணை.
இவ்வளவும் ஒரு வாரத்தில் படிந்தது.
சுபாசினியும் பழகிவிட்டாள்,
அவளிடம் மட்டும் அரையோடு முக்கால் கேட்கிறார்,
என்னவோ, அவள் சிரித்துவிட்டு வருகிறாள்.

மூன்றுதான் தெரியவில்லை.
பேன் போட்டேன். போர்வை. ஜன்னல்.
டீச்சரை வரச்சொல்லிப் பேப்பர் படிக்கவைத்தேன்.
பையனுக்குப் போன் போட்டுக் காதில் வைத்தேன்.
எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறார், இல்லை இல்லையென்று.
விடியக்காலம் நாலு மணிக்கு மறுபடி மூன்று.
நானும் அவர் விரல் மூன்றைப் பிடித்தேன்.
கையை உருவிக்கொள்ளவில்லை.
துண்டை எடுக்கவும் விடவில்லை.
வெளியே முதல் பஸ் போகிறது.
மூன்றுக்கு இன்னும் விலை படியவில்லை.