பதினைந்தாவது சுட்டி

காற்று எழுந்தால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள்.
படகு வராது, பிள்ளைகள் வரமாட்டார்கள்,
தகரக் கூரைக்கு மழை மட்டும் தவறாமல் வரும்.
அதனால்தான் இந்த ஜூன் மாதம்
நாவலை அத்தியாயம் அத்தியாயமாக ஸ்கேன் செய்து
எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய
ஓர் இணையக் கோப்பில் ஏற்றினேன்.

அச்சாவோவில் இருப்பவர்களுக்கு வைஃபை.
சிறு தீவுகளில் இருப்பவர்களுக்கு
மரத் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மேடு.
ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல்,
குடை பிடித்தால் ஒன்று.

வகுப்பில் பதினான்கு சுட்டிகள்.
திரையில் பதினைந்து.

பதினான்குக்கும் பெயர் உண்டு, நிறம் உண்டு.
ஃப்ரேசியா ஊதா. எலிசியோ பச்சை.
நயாரெட்டின் சிவப்பு வரிக்கு வரி தாவி
எல்லோர் குறிப்புக்குக் கீழும் வம்பு வளர்க்கும்.
பதினைந்தாவதற்குக் கோப்பே ஒரு பெயர் வைத்திருந்தது:
பெயரில்லாத நீர்நாய்.
சாம்பல் நிறம். ஒன்றும் எழுதாது.
இரவு பதினொன்றரைக்கு வந்து
ஏதாவதொரு பத்தியின் ஓரம்
கண் சிமிட்டியபடி நிற்கும்.

ஏப்ரலில் லியாந்த்ரோ கார்காமோ
படிப்பை விட்டுச் சால்மன் ஆலைக்குப் போனான்.
வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை
அளவுகோல் வைத்து அடித்தவள் நான்தான்.
வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்க
மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏழாம் அத்தியாயத்தில்
கலங்கரை விளக்கத்தை விட்டு அந்தப் பெண் இறங்கிப் போகிறாள்,
ஆணியில் தொங்கும் கோட்டை எடுக்காமல்.
வெளியே பனிமழை.
ஏன் எடுக்கவில்லை?
ஒன்பது வருடமாக இதைக் கேட்டு வருகிறேன்.
விடைக்குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது:
கோட்டு என்பது அடிமைத்தனம். இரண்டு மதிப்பெண்.

எப்படியும் திரும்பி வருவாள், அதான், என்றது பச்சை.
அது அவன் வாங்கிக் கொடுத்தது, என்றது ஊதா.
லூசு, கோபத்தில் குளிரவே குளிராது, என்றது சிவப்பு.
யாரோ ஓர் ஆட்டுக்குட்டிப் படத்தை ஒட்டினார்கள், ஏனென்று தெரியவில்லை.
புத்தகத்தைத் திறக்கச் சொன்னால்
வயிற்றுவலி வருகிற பிள்ளைகள்
பக்க எண் சொல்லிச் சண்டை போட்டார்கள்.

பன்னிரண்டுக்குச் சில நிமிடம்.
எல்லோரும் போன பிறகு நீர்நாய் வந்தது.
ஓரத்தில் அல்ல, வரிகளுக்கு நடுவிலேயே
எழுத்து எழுத்தாக,
ஒன்றை அழித்து, மறுபடி:

கோட்டுக் கை இறுக்கமா இருக்கும்.
அவ நாள்பூரா மீன் வெட்டறவ.
உப்புத்தண்ணில கை வீங்கிடும்,
ராத்திரி நுழையாது.

பக்கங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன்.
நாலாம் அத்தியாயம், கடைசிக்கு முந்தின பத்தி,
ஒரே ஒரு வரி: அவள் மீன் வெட்டுகிறாள்.
ஒன்பது வருடம்.

மறுநாளும் துறைமுகம் மூடல்.
ஒவ்வொரு நிறமாக வந்து அந்த இடத்தில் நின்றது.
யாரும் எதுவும் எழுதவில்லை,
நயாரெட்கூட.
மதியத்துக்கு மேல்தான் எழுதினாள்:
உனக்கு ஷிஃப்ட் எப்போ முடியும்?
எட்டாம் அத்தியாயத்தை அப்போ வச்சுக்கலாம்.

அமைச்சகப் படிவம் கேட்கிறது,
வாசிப்பில் பங்கேற்றவர்கள் எத்தனை பேர்?
பதினைந்து என்று போட்டால் கட்டம் சிவக்கிறது,
பதிவேட்டோடு பொருந்தவில்லையாம்.
பதினான்கு போட்டு அனுப்பிவிட்டேன்.

இப்போது பதினொன்று நாற்பது.
அடுப்பில் இன்னொரு விறகு.
விடைக்குறிப்பை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் திருத்தவில்லை.
எட்டாம் அத்தியாயத்தின் முதல் வரியில்
ஊதா, பச்சை, தூங்கி வழியும் சிவப்பு.
ஆலைப் பேருந்து வளைவைத் தாண்டும்வரை
சிக்னல் கிடைக்காது, அது எல்லோருக்கும் தெரியும்.
யாரும் பக்கத்தைத் தள்ளவில்லை.