முப்பத்தொன்றாம் மரம்

படிவத்தில் இரண்டே கட்டம்:
உயிருடன். பட்டது.
மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றேன்.
"தாளில் இடமில்லை" என்றார்
உச்சிப்புளி ஆபீசில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தவர்.

வைகாசி. புதுமடத்துக் கடலோரத் தோப்பு.
ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட், முடி கொட்டிய பிரஷ்,
நாளுக்கு நானூற்றுப் பத்து ரூபாய்.
மழை பொய்த்து இரண்டாம் வருசம்.
கிணற்றுக்குள் கடல் ஏறி
டீயே கரித்தது.

தென்னைக்குச் சிக்கனம் தெரியும்.
முதலில் குரும்பையை விடும்.
மடல் இறங்கிய காலையில்
மணலில் பொத்துப் பொத்தென்று
பொத்தான் அளவு தேங்காய்கள்.
பிறகு அடிமட்டை.
ஒன்று ஒன்றாய்க் கழற்றி
கழுத்தைச் சுற்றித் தொங்கப்போடும்.
ஓலைக்கு அடியில் வெள்ளை ஈ,
ஈ வடிக்கும் பிசுக்கின் மேல் கரும்பூசணம்,
வெயிலைத் தின்ன வேண்டிய பச்சை
கரி பூசிக்கொண்டு பட்டினி கிடக்கும்.

கடைசிவரை விட்டுத்தராதது ஒன்று:
உச்சியில் மடித்து வைத்த குருத்து.
வேம்பென்றால் வெட்டின இடமெல்லாம் கண் திறக்கும்.
தென்னைக்கு ஒற்றைக் கண்.
மூடியிருந்தால்
உறங்குகிறதா, போய்விட்டதா,
கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது.

நான் கீழே நின்றேன்.

ரஹ்மத் நாச்சியாவின் தோப்பில் எழுபத்து நான்கு.
மரமேறி கேட்ட கூலி படிவத்தில் இல்லை.
முப்பத்தொன்றைக் கல்லால் தட்டினேன்.
நிறைகுடத்துச் சத்தமும் இல்லை,
வெறுங்குடத்துச் சத்தமும் இல்லை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கூட்டுறவுச் சங்கத்து நோட்டீஸ்
கைப்பையில் மடிந்திருந்தது,
குருத்து மாதிரி.
பெருக்கல் குறி போட்டேன்.

ஆடியில் காரங்காட்டுக்கு மாற்றினார்கள்.
படகில் போய் அலையாத்தி எண்ணும் வேலை.
செபஸ்தி துடுப்பை நிறுத்தி
ஓர் இலையைப் பறித்துத் தந்தார்: நக்கிப் பாரு.
உப்பு.
வேர் தடுத்தது போக மிச்சத்தை
இலை வியர்த்துத் தள்ளுகிறது.
நல்ல தண்ணி வந்து கலக்காத வருசம்
வியர்வையும் போதாது;
கரைப்பக்கத்து மரங்கள்
நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன.
"இதுக்கு யாருக்கு நஷ்டஈடு குடுப்பாங்க?"
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஐந்து நாள் கொட்டியது.
கார்த்திகையில் மறு ஆய்வு.
பணம் வாங்கிய மரங்களை வெட்டி
போட்டோ ஏற்றினால்தான்
இரண்டாம் தவணை.

முப்பத்தொன்றின் உச்சியில்
ஒரு முழம் மஞ்சள்.
இன்னும் விரியவில்லை, ஈட்டி மாதிரி.
கீழே என் பெருக்கல் குறி,
மழையில் கொஞ்சம் வழிந்து.

ரம்பக்காரன் கயிற்றைச் சுண்டக் காத்திருந்தான்.
ரஹ்மத் நாச்சியா அண்ணாந்து பார்த்து,
என்னைப் பார்த்து,
"செத்த மரம்தான் தம்பி.
செத்துப்போயிதான் இப்படிப் பண்ணுது" என்றார்.
சிரிப்பு வரவில்லை எங்கள் இருவருக்கும்.
முதல் தவணை
வட்டியில் பாதிக்குத்தான் வந்திருந்தது.

வேலியோரம் இடி விழுந்த மொட்டை மரம் ஒன்று.
இடி கணக்கில் சேராது என்று
வைகாசியில் தாண்டிப்போனது.
டப்பாவில் அடிப்பெயின்ட் கொஞ்சம் கெட்டியாய்க் கிடந்தது.
மண்ணெண்ணெய் விட்டுக் குழப்பி
அதன் மேல் 31 என்று எழுதினேன்.
ஒன்று கொஞ்சம் கோணல்.

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவில்லை.
கழுத்துச் சுளுக்கு. போட்டோவில் பார்த்துக்கொண்டார்.
மரம் விழுந்த சத்தத்தில்
கடற்கரை நாய்கள் எழுந்து, திரும்பப் படுத்தன.

பழைய முப்பத்தொன்றின் குறியை
ரஹ்மத் நாச்சியா செங்கல்லால் தேய்த்தார்.
முழுசாய்ப் போகவில்லை.
அது போனாலும் வேறொன்று இருக்கும்:
இந்த இரண்டு வருசமும் வளர்ந்த இடத்தில்
தண்டு ஒடுங்கி, வளையங்கள் நெருங்கி,
இறுக்கிக் கட்டிய இடுப்பு.
மேலே எத்தனை பருத்தாலும்
அது அங்கேயே நிற்கும்.

அடுத்த கணக்குக்கு யார் வருவாரோ.
அண்ணாந்து பார்க்கிற ஆளாய் இருந்தால்
தெரியும்.