முப்பத்து மூன்று மில்லிகிராம்

யெகாத்தரீன்பூர்க், ஜனவரி.
நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை.
வெந்நீர்க் குழாய்களும் கைவிட்டுவிட்டன.
கட்டிடத்தில் சூடான இடம்
என் உலை ஒன்றுதான்.
கணக்குப் பிரிவிலிருந்துகூடத் தேநீரோடு வருகிறார்கள்,
காந்தவியலில் திடீர் ஆர்வம் பிறந்தவர்கள்போல.

சமாரியத்தை இரும்போடு உருக்கினால்
கொஞ்சம் ஓடிப்போகும்.
ஆவியாகி, உலைச் சுவரில் கறுத்துப் படியும்.
எவ்வளவு ஓடும் என்று முன்கூட்டியே கணித்து
அவ்வளவும் கூடுதலாகப் போடுவேன்.
எனக்குத் தெரிந்த ஒரே சோதிடம் அது.

ஆறியதும் படிகம்:
இரண்டு சமாரியத்துக்குப் பதினேழு இரும்பு,
அறுகோணம் அறுகோணமாக அடுக்கு.
ஆனால் சமாரியம் அமரவேண்டிய சில இடங்களில்
இரண்டு இரும்பணுக்கள்
நெட்டுக்குத்தாக நெருக்கியடித்து நிற்கின்றன.
ஓர் ஆள் இருக்கையில் இருவர்.
கிட்ட உறவு முட்டப் பகை.
ஊரே ஒரு திசை பார்க்கும்போது
இந்த ஜோடி மட்டும் முறுக்கிக்கொள்ளும்.
இவ்வளவு இரும்பு இருந்தும்,
கெட்டில் கொதிக்கும் சூட்டுக்குச் சற்று மேலே போனாலே
திசையெல்லாம் மறந்துவிடும்.

"நம் அறை மாதிரி," என்றேன் ரஷீத்திடம்.
ஒன்பது சதுர மீட்டர்.
அவன், நான், அவன் தம்பி மின்னூர்,
மின்னூரின் அக்கார்டியன்.
"அணுவுக்கு வாடகை பாக்கி கிடையாது, குல்ஃபியா.
உவமை சொல்லாதே."
சரி, சொல்லவில்லை.

நைட்ரஜனைத் திறந்துவிட்டேன்.
நானூற்று அறுபது டிகிரி.
மூச்சில் ஐந்துக்கு நாலு பங்கு அதுதான்,
யாரும் பொருட்படுத்தாத பங்கு.
மும்மூன்றாக உள்ளே போய்
சமாரியத்தை ஒட்டிய காலி மூலைகளில் உட்காரும்.
படிகம் நூற்றுக்கு ஆறு விரியும்.
அந்த ஜோடிக்கு நடுவே யாரும் புகவில்லை,
சமாதானம் பேசவில்லை.
வீடு பெரிதாயிற்று, அவ்வளவுதான்.

அறுநூறைத் தாண்டக் கூடாது.
ஒருமுறை பொறுமை இழந்து தாண்டினேன்.
சமாரியம் நைட்ரஜனை இழுத்துக்கொண்டு
தனிக்குடித்தனம் போய்விட்டது.
மிஞ்சியது வெறும் இரும்பு,
டிராம் தண்டவாளத்தில் கிடப்பது.

விடியற்காலை நாலு மணிக்கு நிறுத்தேன்.
ஒரு கிராம் போட்டிருந்தேன்.
முப்பத்து மூன்று மில்லிகிராம் கூடியிருந்தது.
வாயில் கையை வைத்துக்கொண்டேன்,
என் மூச்சு தராசை ஆட்டிவிடக் கூடாதே என்று.

ரஷீத் பொடியைப் பிசினில் குழைத்து
காந்தப்புலத்தில் இறுகவிட்டு
எக்ஸ் கதிர் முன் வைத்தான்.
நேற்றுவரை தளத்தில் படுத்துக் கிடந்த திசை
இன்று அச்சோடு எழுந்து நின்றது.
தாளில் மற்றக் கோடுகள் அடங்கிப்போக
ஒன்று மட்டும் ஏறி, ஏறி,
பேனா விளிம்பில் முட்டி
டக் டக்கென்று தட்டியது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
இடுக்கியைக் கேட்டான், கொடுத்தேன்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும்
துணி அலமாரியைத் தானே தள்ளிக்கொண்டுபோய்
நடைக்கூடத்தில் நிறுத்தினான்.
பக்கத்து அறை ஸொயா கத்தினாள்.
மின்னூர் முதல்முறையாக
முழங்கை இடிக்காமல் அக்கார்டியனை முழுதாக விரித்தான்.

அலமாரி இருந்த இடம்
அரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல்.
ஒன்பதில் நூற்றுக்கு ஆறு.
வாய்விட்டுச் சொல்லவில்லை நான்.