ஆறாம் படுக்கையின் குரல்

திங்கள் காலை எட்டரைக்கு
நான் எழுபத்து நான்கு வயதுக் கிழவர்.
பெயர் வால்டர். இடுப்பெலும்பு முறிவு. சர்க்கரை உண்டு.
ஒலிவாங்கியை உதட்டருகே இழுத்து
"வலி தாங்க முடியலை" என்கிறேன்.
ஒருவழிக் கண்ணாடிக்கு அப்பால்
ரப்பர் நெஞ்சு ஏறி இறங்குகிறது.

பத்து மணிக்குப் பிரசவ வலி எடுக்கும் எனக்கு.
மதியம் இரண்டுக்கு மூன்று வயது, வலிப்பு.
நடுவே ஆறிய காபி,
முப்பத்தொரு விடைத்தாள்.
வார்டில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு,
மாதம் தவறாமல் தங்கை நினைவூட்டுகிறாள்.

வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
சுப்பீரியர் ஏரி பேச்சில்லாமல் கிடக்கிறது.
முகப்பில் மின்கம்பி சொருகிய கார்கள்
சலைன் ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளாய்
வரிசையில்.

இன்று முதல் ஆள் ரெய்னோ.
தண்டர் பே காகித ஆலையில் இருபத்தாறு வருடம்,
ஆலை மூடியபின் இங்கே, இரண்டாம் ஆண்டு.
என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர்,
மேடம் என்கிறார். வேண்டாமென்று சொல்லி அலுத்துவிட்டேன்.
அவர் கைக்கேற்ற உறை கல்லூரியில் தீர்ந்துபோயிருந்தது.
இருப்பதைப் பிதுக்கி மாட்டியிருந்தார்.

மார்ஃபின் இரண்டரை மில்லிகிராம்,
கேண்டஸ் சத்தமாகத்தான் வாசித்தாள்.
ஒரு ஆம்பியூலில் கால்வாசி போதும்.
அவர் ஒன்று உடைத்தார்.
இன்னொன்று உடைத்தார்.
மூன்றாவதை உடைக்கும்போதாவது
கை நின்றிருக்க வேண்டும்.

ஒரு புள்ளி விடுபட்டால்
மெய் மிஞ்சும், உயிர் மிஞ்சாது.

வால்டர் பேச்சை நிறுத்தினார்.
என் விரல் மூச்சைக் குறைத்தது:
பன்னிரண்டு, எட்டு, நான்கு.
எந்தப் பொத்தானுக்கு உதடு நீலமாகும்
என்பது எனக்கு மனப்பாடம்.
இரண்டாம் ஆண்டில் பொம்மை சாகக் கூடாது,
துறை விதி.
நான் சாகவிட்டேன்.

என் புள்ளியை மருந்தகத்தில் ஒருத்தி பிடித்தாள்.
பத்து வருடத்துக்கு முந்தைய இரவு,
தொலைபேசியில் ஒரே கேள்வி:
"இது சரிதானா, ஒருமுறை பார்க்கிறாயா?"
அந்த நோயாளி அடுத்த வாரம் நடந்தே வீட்டுக்குப் போனார்,
என் கையில் ஒரு பெட்டி சாக்லேட் திணித்துவிட்டு.
மார்ச் வரை காரிலேயே உறைந்து கிடந்தது அது.
இதை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

திரையில் கோடு நேரானதும்
கேண்டஸ் சுவரோரம் போய்விட்டாள்.
ரெய்னோ ஓடவில்லை.
உறையைக் கழற்றினார், பாதி கிழிந்து வந்தது.
வெளியே நீட்டிய பாதத்தைப் போர்த்தினார்.
ரப்பர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்து
"வால்டர், நான்தான். தப்பு என்னுது" என்றார்.

மதிப்பெண் படிவத்தில் இருபத்து நான்கு கட்டங்கள்.
இதற்கு ஒன்றும் இல்லை.

ஒலிவாங்கியை அணைக்க மறந்திருக்கிறேன்.
செத்தவனின் தொண்டையிலிருந்து
என் மூச்சு அறைக்குள் கேட்டது.
அவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.
தெரிந்திருக்கும்,
அவர் முகம்தான்.

தேர்ச்சி இல்லை என்று எழுதினேன்.
வியாழன், மறுதேர்வு, நான்கு மணி.
கீழே ஓரத்தில் பென்சிலால்:
அன்று மேடம் வேண்டாம்.
உங்களிடம் ஒரு சாக்லேட் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும்.

பத்தாகிறது.
பொம்மைக்கு வயிறு மாட்டிவிட்டார்கள்.
ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு
கத்தத் தொடங்குகிறேன்.